சத்தமில்லாத கம்பி

“மஸ்ஸினா தமயி, சேர்.”

பிரதாப் அதைச் சொன்னபோது அவனுடைய கை சீதாலெட்சுமியின் தோளில் இருந்தது.

சீதாலெட்சுமிக்குச் சிங்களம் அதிகம் வராது. நோர்வூட் கடைத்தெருவில் கருவாட்டு விலை பேசவும், பஸ்ஸில் இறங்குமிடம் சொல்லவும் போதுமான அளவுக்குத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் ‘கவுத’ என்றால் யார் என்பதும் ‘மஸ்ஸினா’ என்றால் மச்சான் என்பதும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் நடை பழகும்போதே தெரிந்துகொள்கிற சொற்கள். கம்பிக்குக் கரண்ட் கொடுத்தது யார் என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியவர் கேட்டார். மச்சான்தான் ஐயா என்று அவளுடைய சொந்தத் தம்பி பதில் சொன்னான். மணி என்ன என்று கேட்டவருக்கு மணி சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்.

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியின் பிரேத அறையை ஒட்டிய சின்ன அறை அது. திடீர் மரண விசாரணை அதிகாரியான அந்தப் பெரியவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார். அழுது முடிக்கும்வரை பேனாவை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தார். இப்போதும் தமக்குத் தெரிந்த தமிழில், “அம்மா, அப்படித்தானா? உங்க மனுசன்தானா வயர் போட்டது?” என்று அவளிடமே கேட்டார்.

தோளிலிருந்த கை அழுத்தியது. பிரதாப் அவள் காதருகே குனிந்தான்.

“ஆமான்னு சொல்லுக்கா. அப்பதான் இன்னைக்கே மச்சானத் தருவாங்க. இல்லாட்டி கேசு அது இதுன்னு இழுத்தடிப்பாங்க. மச்சான் ஐஸ்லயே கெடக்கணும்.”

அவள் தலை அசைந்தது. ஆமென்று அசைந்ததா, இல்லையென்று அசைந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. பெரியவர் எழுதிக்கொண்டார். பிறகு பிரதாப் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். உள்ளே ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் கட்டின புருஷன் கிடக்கும்போது எந்தப் பெண்தான் நிதானமாக உட்கார்ந்து வாக்குவாதம் பண்ணுவாள்?

அடுத்தது ராசம்மா. லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராக்காரி, ஒரு சுவர் தள்ளிக் குடியிருப்பவள்; சீதாலெட்சுமியின் புருஷன் சுந்தரலிங்கம் விழுந்ததை முதலில் கண்டவள். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே, “நான் ஓடி வர்றப்ப அண்ணன் விழுந்து கெடந்தாரு சேர். வேற ஒண்ணும் பாக்கல,” என்றாள். சொல்லும்போது அவளும் அந்தக் காலண்டரைத்தான் பார்த்தாள்.

திரும்பும்போது வேனின் பின்பக்கம் பெட்டிக்குப் பக்கத்தில் சீதாலெட்சுமியும் ராசம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த பிரதாப் ஓயாமல் போனில் பேசிக்கொண்டு வந்தான். ரோட்டோரம் வெள்ளைக்கொடி கட்டியாகிவிட்டதா, தப்பு அடிக்கிறவர்கள் வந்துவிட்டார்களா, கூடாரம் லயத்து வாசலில் அடங்குமா, கொழும்பிலிருந்து வரும் மகள் நிலக்ஷியைக் கூப்பிட ஹட்டனுக்கு யார் போயிருக்கிறார்கள். ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தான். அந்த ஒழுங்கைப் பார்க்க மாட்டாமல் அவள் பெட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சுந்தரலிங்கத்துக்குக் கரண்ட் என்றாலே பயம். செத்தவரைப் பற்றி எதையாவது சொல்லி வைப்போம் என்று சொல்கிற கதையில்லை இது. அந்த லயத்தில் எந்தக் காம்பராவில் போய்க் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பல்ப் எரிந்து போனால் மாற்றுவதற்குத் தோட்டத்துத் தலைவர் கணேசமூர்த்தியின் மகனைக் கூப்பிடுவார். அவன் ஸ்டூலில் ஏறி மாற்றி முடிக்கும்வரை இவர் வாசலுக்கு வெளியே நின்று, “மெயின அணைச்சிட்டியா தம்பி, நல்லா பாத்தியா?” என்று கேட்டுக்கொண்டிருப்பார். தூரத்தில் இடி முழங்கினால் போதும், டிவி வயரைக் காய்ந்த துணியால் பிடித்துப் பிடுங்கிவிட்டுத்தான் மறுவேலை. சுவிட்சை ஈரக்கையால் தொட்டதற்காக நிலக்ஷி சின்ன வயதில் அவரிடம் வாங்கிய அடிதான், அவள் அப்பாவிடம் வாழ்நாளில் வாங்கிய ஒரே அடி. கரண்டுக்காரர் என்று லயத்து இளவட்டங்கள் அவருக்குக் கேலியாகப் பெயர் வைத்திருந்தார்கள்.

அப்பேர்ப்பட்ட மனுஷர் கோழிக்குக் கம்பிவேலி போடச் சம்மதித்ததே மச்சினன் பேச்சை நம்பித்தான்.

கோழிகள் சீதாலெட்சுமியுடையவை. லயத்தின் கடைசிக் காம்பரா என்பதால் பின்னால் கொஞ்சம் நிலம் இருந்தது. கோவா, லீக்ஸ் என்று சுந்தரலிங்கம் போட்டுப் பார்த்த மரக்கறி எதுவும் சரிவராததால் அவள் நாட்டுக்கோழி வளர்க்க ஆரம்பித்தாள். கோழி பெருகியது, கூடவே பூனையும் வந்தது. காது கிழிந்த ஒரு சாம்பல்நிறக் கடுவன். அது ராசம்மாவின் பூனை என்று சொல்ல முடியாது. ஆனால் ராசம்மா மீன் கழுவும்போது தலையெல்லாம் அதற்குத்தான் போகும். ஆட்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போய் லயம் வெறிச்சோடிக் கிடக்கும் காலை நேரம் பார்த்து அது வரும். ஒரு குஞ்சைக் கவ்விக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் நுழைந்துவிட்டால் பிறகு யார் பிடிப்பது? அந்தப் பூனையால் இரண்டு வீட்டுக்கும் கொஞ்ச நாள் பேச்சுவார்த்தைகூட இல்லாமல் இருந்தது.

பிரதாப்தான் மெஷினைக் கொண்டுவந்தான். யானை வேலிக்குப் போடுகிற மெஷினின் குட்டி என்றான். டவுனில் எலக்ட்ரிக் சாமான் கடையில் வேலை. கோர்ஸ் படித்துச் சான்றிதழ் வாங்கியவன். பழைய கதவுக் கட்டைகளை நட்டு, வெள்ளைப் பீங்கான் குமிழ்களை ஆணியடித்து, இரண்டு வரிசை மெல்லிய கம்பியை அவன் இழுத்துக் கட்டிய அழகைப் பார்க்க லயமே கூடிவிட்டது. மெஷின் விட்டுவிட்டு டிக், டிக் என்று சத்தம் போட்டது.

“இந்தச் சத்தம் கேக்குற வரைக்கும்தான் மச்சான் கரண்டு,” என்று பிரதாப் அன்று எல்லார் முன்னாலும் சொன்னான். “அதுவும் சும்மா சுள்ளுன்னு ஒரு இழுப்பு, அவ்வளவுதான். சத்தம் இல்லன்னா வெறும் கம்பி. நீங்க துணிகூடக் காயப்போடலாம்.”

சுந்தரலிங்கம் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அதன்பிறகு கோழிக்கூட்டுக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் கம்பிக்கு எட்டத்தில் நின்று, தலையைச் சாய்த்து, காது கொடுத்துக் கேட்பார். நெஞ்சில் குழல் வைத்துப் பார்க்கிற டாக்டர் மாதிரி முகம் அவ்வளவு தீவிரமாக இருக்கும். சத்தம் கேட்டால் மெஷினை நிறுத்தச் சொல்லிச் சீதாலெட்சுமியைக் கூப்பிடுவார். பூனை மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே பாடம் படித்தது. மூக்கில் ஒரு தடவை பட்டதுதான். தலைகீழாக விழுந்து எழுந்து ஓடியது, பிறகு வேலிப்பக்கம் அண்டவேயில்லை.

போன வாரம் மெஷின் நின்றுபோனது. சத்தம் இல்லை என்பதை முதலில் கவனித்ததே சுந்தரலிங்கம்தான். ஞாயிற்றுக்கிழமை பிரதாப் வந்தான். வரும்போது மச்சான் கோயில் கூட்டத்துக்குப் போயிருந்தார். பெட்டியைச் சுவரிலேயே விட்டுவிட்டு உள்ளே இருந்ததைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, வீட்டு லைனிலிருந்து ஒரு வயரை இழுத்து, நடுவில் ஒரு பல்பை மாட்டிக் கம்பியோடு முறுக்கினான்.

“என்னடா இது, நேரா குடுக்குற?” என்று அவள் கேட்கத்தான் செய்தாள்.

“நடுவுல பல்ப் இருக்குல்லக்கா. கரண்டெல்லாம் அதுக்குள்ளயே நின்னுரும். பூனைக்குக் கொஞ்சமாத்தான் போகும். மெஷின் சரியாகுற வரைக்கும் இது ஓடட்டும். ஆனா இதுல சத்தம் வராது. யாரும் தொட வேணாம்.”

“மச்சான்கிட்ட சொல்லணும்டா.”

“நானே சொல்லிக்கிறேன். நீ சொன்னா பயந்து எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுருவாரு.”

சுந்தரலிங்கத்துக்குத் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் இரவு வேலை. கொழுந்து வாட்டுகிற மாடியில் நிற்பார். அவர் விடிந்து வீட்டுக்கு வரும்போது அவள் ஆள் கணக்கெடுக்கிற காலைப் பெரட்டுக்குப் போயிருப்பாள். அவள் கூடையை இறக்கிவிட்டு வந்து கொஞ்ச நேரத்தில் அவர் கிளம்பிவிடுவார். ஒரே அடுப்பு, ஒரே பாய், ஆனால் ஒரே நேரத்தில் இல்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் பேசுவதற்கு நிலக்ஷியின் கல்யாணம், கூரைத் தகரத்து ஓட்டை என்று எத்தனையோ கிடந்தன. இருந்தாலும் திங்கட்கிழமை மலையிலிருந்து அவள் தம்பிக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

“மச்சான்கிட்ட சொல்லிட்டியாடா?”

“சொல்லிட்டேன்க்கா.”

தம்பி சொல்லிவிட்டேன் என்றபிறகு அதையே திரும்பச் சொல்ல யாருக்குத் தோன்றும்? செவ்வாய்க்கிழமை காலை கொழுந்து நிறுக்கும் நேரத்துக்கு முன்பே அவளைத் தேடிக்கொண்டு ஆள் ஓடிவந்தது.

வேன் லயத்து முனையில் நின்றதும் தப்புச் சத்தம் எழும்பியது. பெண்கள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். அந்த ஓலத்துக்குள்ளும் அவள் காதில் சில விழத்தான் செய்தன. “கரண்டுக்காரரு கரண்டுலயே போயிட்டாரே!” என்று ஒருத்தி அழுதாள். “ஒரு பூனைக்காகவா மனுசன் இப்படிப் பண்ணிக்குவாரு, அறிவு வேணாமா?” என்று கூடாரத்தில் ஓர் ஆண்குரல். எல்லாருக்கும் தெரிந்த பொய், இவ்வளவு சீக்கிரம் லயம் முழுக்கப் பரவி உட்கார்ந்துவிட்டது. கம்பி கட்டுகிறதை வேடிக்கை பார்த்த அதே ஆட்கள்தான் அழுகிறார்கள், அதே ஆட்கள்தான் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

பெட்டியை உள்ளே வைத்து முகத்தைத் திறந்ததும் அவள் பின்பக்கம் போனாள். கம்பி இல்லை. கட்டைகள் மட்டும் நின்றன. நேற்று அவள் ஆஸ்பத்திரியில் கிடந்து புரண்டபோது, மச்சானின் அடையாள அட்டையை எடுத்து வருகிறேன் என்று பிரதாப் வீட்டுக்கு வந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. வேறு யாருக்கும் ஆபத்து வரக்கூடாதென்று கம்பியைக் கழற்றிவிட்டதாக அவன் விசாரணையில் சொன்னான். பெரியவர்கூட நல்ல காரியம் என்று தலையாட்டினார். சுவரிலிருந்த பெட்டி இல்லை. பல்ப் இல்லை. அவன் ஒழுங்காக முறுக்கி டேப் சுற்றிய வயரும் இல்லை. அடுப்படிப் பிளக்கின் ஓட்டைகளில் மட்டும் ஒரு பழைய வயரின் இரண்டு முனைகள் செருகி, கழன்று விழாமல் நெருப்புக்குச்சியால் இறுக்கியிருந்தது. அதைத்தான் போலீஸ்காரர் படம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்.

விவரம் தெரியாதவன் செய்த வேலை மாதிரியே இருந்தது. பிளக்கைத் தொடவே துணி தேடுகிற மனுஷர் வெறும் வயரை ஓட்டைக்குள் விட்டு நெருப்புக்குச்சி குத்தினாராம். அந்தக் குச்சியை அவ்வளவு பதமாகக் குத்திய கைக்கு, சின்ன வயதில் ‘அ’ எழுதப் பழக்கியவர் சுந்தரலிங்கம். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபின் பிரதாப் வளர்ந்தது இந்தக் காம்பராவில்தான்.

“அம்மா!”

நிலக்ஷி வந்துவிட்டாள். கொழும்பில் புடவைக்கடையில் வேலை செய்கிறவள். பஸ்ஸில் அழுது வீங்கிய முகத்தோடு வந்து அப்பாவின் பெட்டிமேல் விழுந்தாள். அழுது ஓய்ந்தபிறகு அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் அப்பா மேல்.

“மாமா எல்லாத்தையும் சொன்னாரு. அப்பாவுக்கு என்னம்மா கிறுக்கா? கோழிக்குஞ்சுக்காக வயரப் புடுங்கிக் குத்துவாரா? நீங்க தொட்டிருந்தா? நீங்க செத்திருந்தா? எங்கள விட்டுட்டுப் போறதுக்குன்னே பண்ணிருக்காரும்மா!”

சொல்லிவிட்டு மாமாவின் தோளில் சாய்ந்து அழுதாள். பிரதாப் அவள் தலையைத் தடவிக்கொடுத்தான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அது நடிப்பில்லை என்பது சீதாலெட்சுமிக்குத் தெரியும். மச்சான் மேல் அவனுக்குப் பாசம் உண்டு. பாசத்தோடுதான் அந்தக் குச்சியையும் குத்தியிருக்கிறான். அவள் வாயைத் திறந்தாள். மகள் சாய்ந்திருந்த அந்தத் தோளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

அடுப்படியில் பிளேன்டீ ஊற்ற வந்த ராசம்மா கேத்தலைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள்.

“சீதாக்கா, என்னைய மன்னிச்சிருங்க. நான் பாத்தேன்.”

“என்னத்தப் பாத்த?”

“எனக்கு நேத்துச் சொகமில்ல, வேலைக்குப் போகல. சன்னல் பக்கம் நின்னேன். அண்ணன் ஸ்டோர்லருந்து வந்து பூட்ஸக் கழட்டிட்டுக் கோழிக்குத் தீனி போட வந்தாரு. கூட்டு இடுக்கால வெளிய வந்த ஒரு குஞ்சு கம்பிக்குக் கீழ மாட்டிக்கிட்டுக் கத்துது. அண்ணன் ஒடனே கைய வைக்கல அக்கா. எட்டத்துல நின்னு தலையச் சாச்சு காது குடுத்துக் கேட்டாரு. எப்பவும் கேப்பாருல்ல, அப்படி. ரொம்ப நேரம் கேட்டாரு. நான்கூட எனக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். சத்தமில்லன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் குனிஞ்சாரு.”

சீதாலெட்சுமி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொதித்து வழிந்தது, யாரும் இறக்கவில்லை. அவன் சொல்லவேயில்லை. திங்கட்கிழமை போனில் ‘சொல்லிட்டேன்க்கா’ என்றானே, அந்த நிமிஷம்வரை அவன் மச்சானிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை, பிறகும் சொல்லவில்லை. மெஷின் இன்னும் செத்துக் கிடக்கிறது என்றே நினைத்துக்கொண்டு, அவன் கற்றுக்கொடுத்த பாடத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்துவிட்டு, மனுஷர் கையை வைத்திருக்கிறார்.

“அங்க ஏன் இதச் சொல்லல?”

“பிரதாப் தம்பி ராத்திரியே வந்து கும்பிட்டுக் கேட்டுச்சு. தலைவரும் வந்தாரு. என் பூனையாலதானே வந்துச்சு எல்லாம், என்னையவும் கேப்பாங்களோன்னு பயந்துட்டேன் அக்கா.”

கொஞ்ச நேரத்தில் தலைவரே அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டார். தோட்டத்தில் எந்தப் பிரச்சினை என்றாலும் மேனேஜர் தொரையிடம் போய் நிற்கிறவர் கணேசமூர்த்தி, பேச்சில் கெட்டிக்காரர். துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“தங்கச்சி, போனது போயிருச்சு. பையனுக்குக் கட்டாருக்கு விசா வந்துருக்கு, ஒனக்குத் தெரியும். இப்ப கேசுன்னு ஒண்ணு விழுந்துச்சுன்னா அவன் தலையெடுக்கவே மாட்டான். லயத்துல வேற யார் யாரு லைன்லருந்து என்னென்ன இழுத்துருக்கானுங்கன்னு தோண்ட ஆரம்பிச்சா எல்லாருக்கும் வம்பு. சுந்தரம் இருந்தாக்கூட இதத்தான் சொல்லுவான்.”

கடைசி வார்த்தை அவளுக்குப் பொறுக்கவில்லை.

“அவரு இருந்தா பல்ப் மாத்த ஒங்க மகனத்தான் கூப்பிடுவாரு தலைவரே. ஒங்களுக்கு அது தெரியாதா?”

தலைவர் வெளியே எட்டிப் பார்த்து, மழை கட்டிக்கொண்டு வருகிறது, நேரத்தோடு தூக்க வேண்டும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

பிரேதத்தைக் குளிப்பாட்டி, நெற்றியில் காசு வைத்து, வாய்க்கரிசி போட்டு முடிந்தது. மற்றச் சொந்தங்கள் கொண்டுவந்த கோடித்துணிகள் ஒவ்வொன்றாகப் பெட்டிமேல் விழுந்தன. கடைசியில் அந்த வீட்டு வழக்கப்படி தாலியறுக்கிறவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். அண்ணனோ தம்பியோ புதுச்சேலை கொண்டுவந்து அவள் தலையில் போடுவான். புருஷன் போனாலும் நாங்கள் இருக்கிறோம் என்று ஊர் பார்க்கச் சொல்கிற காரியம் அது. அது நடக்காமல் பிரேதத்தைத் தூக்குவதில்லை. சீதாலெட்சுமிக்குப் பிறந்த வீடு என்று இருந்தது பிரதாப் ஒருவன்தான்.

அவளைப் பெட்டியின் தலைமாட்டில் உட்காரவைத்தார்கள். தப்பு ஓங்கி அடித்தது. பிரதாப் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு வந்தான். வெற்றிலை பாக்கு, பூ, மஞ்சள், அதற்குமேல் ஊதாக்கரை போட்ட வெள்ளைச் சேலை. நல்ல சேலை. குறை சொல்ல முடியாது. நிலக்ஷி அவனுக்குப் பக்கத்தில் நின்றாள். பெண்கள் ஒப்பாரியை உயர்த்தினார்கள். அவன் சேலையைப் பிரித்து இரண்டு கையிலும் விரித்துக்கொண்டு குனிந்தான்.

சீதாலெட்சுமி தன் பழைய சேலைத் தலைப்பை இழுத்துத் தலைமேல் போட்டு இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“மச்சான்கிட்ட சொன்னியாடா?”

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. ஆனால் பக்கத்திலிருந்தவர்கள் ஒப்பாரியை நிறுத்தினார்கள். அது அப்படியே பின்வரிசை வரைக்கும் போனது.

“அக்கா, இப்ப எதுக்கு அதெல்லாம்...”

“சத்தம் வராத கம்பி, தொடாதீங்கன்னு மச்சான்கிட்ட சொன்னியா, சொல்லலயா? எனக்கு வேற ஒண்ணும் வேணாம். கேசும் வேணாம், போலீஸும் வேணாம். இங்க வச்சு, அவரு காது கேக்க, எம்மகளும் கேக்க, அத மட்டும் சொல்லு. சொல்லிட்டுப் போடு.”

தப்புக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அடிப்பதை நிறுத்தினார்கள். கூடாரத்துத் தகரத்தில் முதல் மழைத்துளிகள் விழுந்தன. பிரதாப் விரித்த சேலையோடு குனிந்த வாக்கிலேயே நின்றான். அவன் உதடு ஒரு தடவை அசைந்தது. பிறகு அவன் தலைவரைப் பார்த்தான்.

“வாங்கிக்க தங்கச்சி,” என்றார் கணேசமூர்த்தி. “மழ வருது. பிரேதத்த வச்சுக்கிட்டு இப்படியெல்லாம் பேசக்கூடாது.”

“அவன் சொல்லட்டும்.”

 நிலக்ஷி மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்த முகம்; பொய் சொன்னால் மூக்கு நுனி சிவக்கும் என்று அவளே கேலி பண்ணுகிற முகம். அவள் மெதுவாக அவன் பக்கத்திலிருந்து நகர்ந்து வந்து அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். அப்பாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். வலது உள்ளங்கையில் குறுக்கே ஓடிய கறுத்த கோட்டை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

“தூக்குங்க,” என்றாள் சீதாலெட்சுமி.

கோடி போடாமல் எப்படித் தூக்குவது என்று கிழவிகள் முணுமுணுத்தார்கள். யாரும் முன்னால் வரவில்லை. கடைசியில் சுந்தரலிங்கத்தின் அண்ணன் மகன் மதுசூதனன்தான் பெட்டியின் கால்மாட்டில் கை வைத்தான். பிறகு மற்றவர்கள் வந்தார்கள். தேயிலைக்கு நடுவே போகிற ஒற்றையடிப் பாதையில் பெட்டி ஏறி வளைவில் மறைகிறவரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டத்துக்கெல்லாம் கடைசியில், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சேற்றில் பிரதாப் தனியாகப் போனான். அவனோடு யாரும் பேசிக்கொண்டு போகவில்லை. நாளைக்குப் பேசுவார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும்.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். அவள் தலைக்கு ஊற்றிக்கொண்டு, கொடியில் கிடந்த மலைக்குப் போகிற சேலையையே எடுத்துக் கட்டிக்கொண்டாள். நேற்றுக் காலையிலிருந்து கோழிகளை யாரும் திறந்துவிடவில்லை. ஒரு சிரட்டையில் அரிசிக்குருணையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். நிலக்ஷியும் கூடவே வந்தாள். பெரிய மழை இல்லை, தூறல்தான்.

மூலைக் கட்டையில், பீங்கான் குமிழ் இருந்த ஆணியில், ஒரு புடவைக்கடைப் பை தொங்கியது. எங்கே வைப்பதென்று தெரியாமல் பிரதாப் மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். பையின் வாய் திறந்து உள்ளே ஊதாக்கரை நனைந்துகொண்டிருந்தது. நிலக்ஷி அதைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். இருவரும் அதைத் தொடவில்லை.

கூட்டைத் திறந்ததும் தாய்க்கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தது. சீதாலெட்சுமி குருணையை இறைத்தாள்.

ராசம்மா வீட்டுப் பக்கமிருந்து கடுவன் வந்தது. கிழிந்த காதை ஆட்டிக்கொண்டு நேராகக் குஞ்சுகளை நோக்கி நடந்தது. கட்டைகளுக்கு நடுவே வந்ததும் சட்டென்று நின்றது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, வெறும் காற்றை மோந்து பார்த்தது. பிறகு காலைப் பின்னால் வைத்து, கட்டை கட்டையாக வேலியின் நான்கு பக்கமும் சுற்றிவந்து, பழைய இடத்திலேயே நின்றது.

“அது ஏம்மா உள்ள வரல? அங்கதான் ஒண்ணுமே இல்லயே,” என்றாள் நிலக்ஷி.

சீதாலெட்சுமி மிச்சமிருந்த குருணையையும் கையில் கொட்டி இறைத்தாள். பூனை கட்டைகளுக்கு வெளியே நனைந்துகொண்டு உட்கார்ந்து, குஞ்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தது.